நம் ஜில்லா ஜெனரலும் மற்ற ஜெனரல்களும்

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும், சேலத்திலிருந்து வந்திருந்த மில் தொழிலாளர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியது)



காலையில் ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைச்சுற்றல் தீர ஒரு டீ குடிக்கலாம் என்று கடைக்குள் போனோம். அங்கே ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் அதை மடித்து மேஜைமேல் அடித்து, "இந்த நாடு உருப்படணும்னா பத்து வருஷம் மிலிட்டரிகிட்டக் குடுத்துடணுங்க. அப்பத்தான் எல்லாம் ஒழுங்குக்கு வரும்" என்றார். கடையில் இருந்த நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். ஆட்டியவர்களில் இரண்டு பேர் பழம் பறிக்கப் போகிற தொழிலாளர்கள். அதில் ஒரு அம்மாள் இதோ இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு)

அவர் மேல் நமக்கு வருத்தமில்லை. ஒரு சர்டிபிகேட் வாங்க நாலு தடவை மலையிறங்கி ஏறுகிறவர், ஓட்டு கேட்டு வந்தவனை ஐந்து வருஷம் கண்ணால் பார்க்காதவர், வெறுத்துப்போய்த் தலையாட்டுகிறார். ஆனால் மிலிட்டரி கையில் நாட்டைக் கொடுத்தால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பது யாரும் பார்க்காத விஷயமல்ல. கொடுத்துப் பார்த்த தேசங்கள் இருக்கின்றன. கூலி விஷயத்தைச் சங்கச் செயலாளர் நமக்குப் பின்னால் விவரமாகப் பேசுவார். நாம் இன்று ஒரு ஜெனரலின் கதையைச் சொல்லப்போகிறோம். அவர் நம் பழைய சேலம் ஜில்லாக்காரர். லேடீஸ் சீட் முனையில் நின்று கீழே பார்க்கிறோமே, அந்தச் சேலத்துக்கும் அப்பால், திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிறது குமாரமங்கலம். இன்று அது நாமக்கல் மாவட்டம். லாரிக்கும் ஆழ்குழாய் ரிக் வண்டிக்கும் பேர்போன சீமை. அங்கே ஜமீன்தாராக இருந்தவர் டாக்டர் பி. சுப்பராயன். அவருடைய மூத்த மகன்தான் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1913 ஜூலை 1ந் தேதி பிறந்தார். 1966 ஜூன் 8 முதல் 1969 ஜூன் 7 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்லவேண்டும். சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்தவர். அவர் மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த குட்முல் ரங்கராவின் மகள். ஜாதி விட்டு ஜாதி செய்துகொண்ட கல்யாணம். அந்தக் காலத்தில் கொங்குச் சீமையில் அது சின்ன விஷயமல்ல. பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். மூத்தவர் வூல்விச் ராணுவக் கலாசாலையில் படித்தார். மோகன் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். மகள் பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்தார். ஜமீனில் ஏர் பிடித்த குடியானவனின் பிள்ளை இந்தப் பெயர்களைக் காதால்கூடக் கேட்டிருக்கமாட்டான். அந்தப் படிப்புக்கான பணம் யார் வியர்வையில் வந்தது என்பதை மறந்துவிட்டுக் கதை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் சரித்திரம் வேடிக்கையானது. மூத்த மகன் வெள்ளைக்காரச் சக்கரவர்த்தியின் கமிஷன் வாங்கிப் பீரங்கிப் படைக்குப் போனார். மோகன் லண்டனிலிருந்து கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். பார்வதியும் அப்படியே. பார்வதி கிருஷ்ணன் என்றால் கோவை மில் தொழிலாளிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1957ல் கோவைத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார். அதே தேர்தலில் திருச்செங்கோட்டிலிருந்து அப்பா காங்கிரஸ் மெம்பராகப் போய், பிறகு மந்திரியுமானார். அப்பா மந்திரிப் பலகையில், மகள் எதிர்ப்பலகையில்!

ஜெனரலிடம் வருவோம். அவர் பீரங்கிப் படையில் சேர்ந்தார் என்றோம். அதில் ஒரு கதை உண்டு. 1857ல் சிப்பாய்கள் எழுந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு இந்தியன் கையில் பீரங்கியைக் கொடுக்க வெள்ளைக்காரன் பயந்தான். துப்பாக்கி கொடுப்பான், குதிரை கொடுப்பான். மலையில் கோவேறு கழுதைமேல் ஏற்றிப் போகிற சின்னப் பீரங்கி தவிர, பெரிய பீரங்கி எல்லாம் வெள்ளைச் சோல்ஜர்கள் வசம்தான். 1935ல்தான் பெங்களூரில் இந்தியர்களைக் கொண்ட முதல் பீரங்கிப் படையை அமைத்தான். எழுபத்தெட்டு வருஷ பயம்! பீரங்கிப் படையில் இடம்பெற்ற முதல் சில இந்திய அதிகாரிகளில் ஒருவர் குமாரமங்கலம். 1933ல் கமிஷன் பெற்றவர்.

யுத்தம் வந்தது. 1940-41ல் தம்பி மோகன், தோழர் பி. ராமமூர்த்தி முதலானோருடன் சென்னைச் சதி வழக்கில் கூண்டில் நிற்கிறார். ஏகாதிபத்திய யுத்தத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த குற்றம். அண்ணன் அதே ஏகாதிபத்தியத்தின் உடுப்பில் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறார். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மேல் பாய்ந்த பிறகு யுத்தத்தைப் பற்றிய கட்சியின் பார்வை மாறியது தனிக் கதை. 1942ல் லிபியாப் பாலைவனத்தில், பீர் ஹக்கீம் பக்கத்தில், ரோம்மலின் டாங்கிகள் இந்தியப் படையை நசுக்கிக்கொண்டு வந்தன. அந்தச் சண்டையில் குமாரமங்கலம் காட்டிய துணிச்சலுக்கு டி.எஸ்.ஓ. என்ற பதக்கம் கிடைத்தது. எதிரி பாசிஸ்டு. நின்று சண்டையிட்டவர் கோழை அல்ல. அதை நாம் மறைக்கமாட்டோம். அந்த வருஷமே அவர் கைதியானார்.

தோழர்களே, இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேட்கவேண்டும். இத்தாலியில், கைதான இந்திய அதிகாரிகளை அடைத்த முகாம் ஒன்று. அங்கே மூத்த இந்திய அதிகாரி மேஜர் குமாரமங்கலம். முகாமின் நிர்வாகக் காரியங்களைப் பார்த்தவர் யாஹ்யா கான் என்ற காப்டன். சாமான் பொறுப்பு டிக்கா கான் என்ற இன்னொரு காப்டனிடம். யாக்கூப் கான் என்ற வாலிப அதிகாரியும் கைதிகளில் ஒருவர். எல்லோரும் ஒரே முள்வேலிக்குள். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய பொட்டலத்தைப் பங்கு போட்டுத் தின்றவர்கள். ஒரே வெள்ளைக்கார ராணுவத்தில் ஒரே பாடம் படித்தவர்கள். 1943ல் இத்தாலி சரணடைந்த சமயத்தில் தப்பிக்கப் பார்த்தார்கள். யாஹ்யா கான் தப்பிவிட்டார். குமாரமங்கலம் தப்பியும் மறுபடி பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டு போகப்பட்டார். யுத்தம் முடிந்துதான் விடுதலை.

1947ல் தேசம் பிரிந்தது, பட்டாளமும் பிரிந்தது. பீரங்கி, லாரி, நாற்காலி, மேஜை வரை பங்கு போட்டார்கள். குமாரமங்கலம் இந்தப் பக்கம். மற்ற மூவரும் அந்தப் பக்கம்.

இங்கே இவர் படிப்படியாக மேலே வந்தார். கிழக்குப் பகுதிப் படைக்குத் தலைமை வகித்தார். 1965ல் பாகிஸ்தானோடு நடந்த யுத்தத்தின்போது துணைத் தலைமைத் தளபதி. 1966 ஜூனில் தலைமைத் தளபதியானார். அவர் நாற்காலியில் உட்கார்ந்த நாள் எப்படிப்பட்ட நாள் தெரியுமா? இரண்டு நாள் முன்னால், ஜூன் 6ந் தேதி, சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டது. விலைவாசி ஏறுகிறது. பீஹாரில் பஞ்சம். நம் ராஜ்யத்தில் அரிசிக்கு நீண்ட கியூ. முந்தின வருஷம்தான் மொழிப் போராட்டத்தை அடக்க மதராஸ் ராஜ்யத்துத் தெருக்களில் காங்கிரஸ் சர்க்கார் பட்டாளத்தையே இறக்கியிருந்தது. ஜனங்கள் கொதித்துக் கிடந்தார்கள்.

1967 தேர்தல் வந்தது. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் டில்லி நிருபர் நெவில் மாக்ஸ்வெல் என்பவர், இந்தியாவில் ஜனநாயகம் சிதைகிறது, இந்தத் தேர்தல்தான் கடைசித் தேர்தலாக இருக்கும், இனி ராணுவத்தின் கைதான் ஓங்கும் என்ற ரீதியில் எழுதினார். அவர் ஒருவர் மட்டுமல்ல, இங்கேயும் மாடி வீட்டு மனிதர்கள் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். நடந்தது என்ன? மதராஸில் காங்கிரஸ் தோற்று அண்ணாதுரை முதன் மந்திரியானார். கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் மந்திரிசபை. மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி. எட்டு ராஜ்யங்களுக்குக் குறையாமல் காங்கிரஸ் ஆட்சி ஆட்டம் கண்டது. தலைமைத் தளபதி என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. தன் ஆபீசுக்குப் போய்த் தன் வேலையைப் பார்த்தார். அதே 1967 செப்டம்பரிலும் அக்டோபரிலும் சிக்கிம் எல்லையில் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப் படையோடு மோதல் நடந்து இரு பக்கமும் சிப்பாய்கள் மாண்டார்கள். அந்தச் சாக்கை வைத்துக்கொண்டுகூட அவர் தேச விவகாரத்தில் தலையிடவில்லை.

இனி 1969க்கு வாருங்கள். பாகிஸ்தானில் பத்து வருஷமாக ஜெனரல் அயூப் கான் ராஜ்யம். 1958ல் நாட்டை ஒழுங்குபடுத்தவே வந்தேன் என்று சொல்லித்தான் வந்தார். டீக்கடைத் தோழர் சொன்ன அதே பத்து வருஷம்! ஒழுங்குபட்டதா? 1968 குளிர்காலத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரயில்வே தொழிலாளி வந்தான், மில் தொழிலாளி வந்தான். அயூப் போனார். ஆனால் நாற்காலியை ஜனங்களிடம் கொடுக்கவில்லை. 1969 மார்ச் 25ந் தேதி இன்னொரு ஜெனரல் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஜெனரல் யார்? இத்தாலி முகாமில் நம் குமாரமங்கலத்தின் கீழ் காரியம் பார்த்த யாஹ்யா கான்! அவர் பிரகடனம் செய்த ராணுவச் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்குத் தடை.

அதற்குப் பிறகு எழுபத்து நாலு நாள் கழித்து, ஜூன் 7ந் தேதி, டில்லியில் குமாரமங்கலம் பதவிக் காலம் முடிந்தது. பொறுப்பை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்தார். கைகுலுக்கினார். வீட்டுக்குப் போனார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். குதிரைச் சவாரியும் போலோவும் கிரிக்கெட்டும் அவருக்கு உயிர். 2000 மார்ச்சில் காலமானார். இவ்வளவுதான். ஒரு தலைமைத் தளபதியின் ஓய்வுக் காலக் கதையில் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் பெருமை!

அந்தப் பக்கம்? சொல்ல நிறைய இருக்கிறது. யாஹ்யா 1970 டிசம்பரில் தேர்தல் வைத்தார். கிழக்கு வங்காளிகளின் கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆட்சியைக் கொடுக்க மனமில்லை. டாக்காவில் தளபதியாக இருந்தவர் யாக்கூப் கான். அதே முகாம் தோழர். சொந்த ஜனங்கள்மேல் பட்டாளத்தை ஏவ அவர் சம்மதிக்கவில்லை, ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு டிக்கா கான் வந்தார். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் டாங்கிகள் இறங்கின. மாணவர் விடுதியில் சுட்டார்கள், குடிசைகளில் சுட்டார்கள். லட்சக்கணக்கில் பிணம் விழுந்தது. ஒரு கோடிப் பேர் அகதிகளாக நம் எல்லைக்குள் வந்தார்கள். டிசம்பர் 16ந் தேதி அந்த ராணுவம் டாக்காவில் சரணடைந்தது, நாடு இரண்டானது. பிறகு 1977ல் ஜியா உல் ஹக் என்று இன்னொரு ஜெனரல். அவர் வந்த ஆறாம் மாதம், 1978 ஜனவரி 2ந் தேதி, முல்தானில் காலனி ஜவுளி மில் தொழிலாளர்கள் போனஸ் கேட்டுக் கூடியபோது போலீஸ் சுட்டது. மில் வாசலிலேயே விழுந்தார்கள், தோழர்களே! போனஸ் கேட்டதற்கு!

நமக்குப் பாகிஸ்தான்மேல் துவேஷம் என்று யாரும் நினைக்கவேண்டாம். முல்தானில் விழுந்தவன் நம்மைப்போலத் தறியில் நின்றவன். அதனால்தான் சொல்லுகிறோம். இன்னும் தூரத்தில் ஒரு நாட்டைப் பாருங்கள், துருக்கி. அங்கே ஜெனரல்கள் 1960ல் ஆட்சியைப் பிடித்தார்கள். மறு வருஷம் பிரதம மந்திரியாக இருந்த மெண்டரஸைத் தூக்கிலிட்டார்கள். 1971ல் ஒரு கடிதத்தால் மிரட்டி மந்திரிசபையை விரட்டினார்கள். தங்கள் படையிலேயே இடதுசாரி என்று சந்தேகப்பட்ட அதிகாரிகளை வெளியே தள்ளினார்கள். தங்கையும் தம்பியும் கம்யூனிஸ்டு என்றால் அந்த ஊரில் குமாரமங்கலத்தின் கதி என்ன ஆகியிருக்குமோ!

1980ல் மூன்றாம் தடவை. அந்த ஜெனரலின் பெயர் கெனான் எவ்ரென். அவர் கதையைத் தொழிலாளி நன்றாக மனசில் வைக்கவேண்டும். அந்த வருஷம் ஜனவரி 24ந் தேதி துருக்கி சர்க்கார் ஒரு பொருளாதாரத் திட்டம் கொண்டுவந்தது. சர்வதேச நிதி நிறுவனம் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு: நாணய மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு, கூலியை அமுக்கு. தொழிலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மில்லுக்கு மில், பட்டறைக்குப் பட்டறை வேலைநிறுத்தம். தேர்ந்தெடுத்த சர்க்காரால் திட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை. செப்டம்பர் 12ந் தேதி விடியற்காலை டாங்கிகள் தெருவுக்கு வந்தன. நாட்டை வன்முறையிலிருந்து காப்பாற்ற வந்தோம் என்றார் எவ்ரென். வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்களை ஆலைக்குள் திருப்பி அனுப்பினார். டிஸ்க் என்னும் தொழிற்சங்க சம்மேளனத்தை மூடி அதன் தலைவர்களைச் சிறையில் அடைத்தார். 6,50,000 பேர் காவலில் வைக்கப்பட்டார்கள். ஐம்பது பேர் வரை தூக்கில் தொங்கினார்கள். எர்தால் எரென் என்று ஒரு பையன். 17 வயசு. அவனையும் விடவில்லை. தூக்கில் போடாமல் சோறு போட்டு வளர்க்கவா என்று பிறகு பொதுக்கூட்டத்தில் கேட்டவர் இந்த எவ்ரென். இன்னொன்றும் கேளுங்கள்: ஜனவரித் திட்டத்தை எழுதிய ஓசால் என்பவரையே ஜெனரல்கள் பொருளாதாரத்தைக் கவனிக்கத் துணைப் பிரதமராக வைத்துக்கொண்டார்கள். டாங்கி எதற்காக வந்தது என்று புரிகிறதா?

ஒன்பது வருஷம் ஆண்டபிறகு எவ்ரென் 1989ல் ஓய்வு பெற்று, மர்மரிஸ் என்ற கடற்கரை ஊரில் பங்களாவில் உட்கார்ந்து படம் வரைந்தார். பூவும் கடலுமாக வர்ணப் படங்கள்! பிறகு காலம் மாறியது. 2014ல், 96 வயசில், நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மறு வருஷம் ஆஸ்பத்திரியில் செத்தார். தூக்குமேடை ஏறிய பையன்களின் தாய்மார்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இருந்தார்களோ.

ராணுவம் ஆட்சிக்கு வந்தால் அது ராணுவமாகவே இருக்காது என்பதற்கும் துருக்கியே சாட்சி. 1960 கவிழ்ப்புக்கு மறு வருஷம் அதிகாரிகளின் சம்பளத்தில் பிடித்த பணத்தைக்கொண்டு ஓயாக் என்று ஒரு நிதி ஸ்தாபனம் ஆரம்பித்தார்கள். அது சிமிண்ட், இரும்பு என்று வளர்ந்து, பிரெஞ்சுக் கம்பெனியோடு சேர்ந்து புர்சா நகரில் ரெனோ கார் தொழிற்சாலையில் பங்காளியாயிற்று. 2015 மே மாதம் அந்தத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூலி உயர்வுக்கு வேலையை நிறுத்தினார்கள். சம்பளம் கேட்டுப் போனால் எதிரே உட்கார்ந்திருக்கிற முதலாளிக்குப் பங்காளி ராணுவ அதிகாரிகளின் நிதி!

இதைக் கேட்டுவிட்டு ஒருவர் சொல்லலாம்: நம் ஜெனரல்கள் நல்லவர்கள், அவர்கள் ஜெனரல்கள் கெட்டவர்கள், அவ்வளவுதானே என்று. இல்லை தோழர்களே. அதற்காகத்தான் அந்த முள்வேலி முகாமை அவ்வளவு விரிவாகச் சொன்னோம். ஒரே பட்டறையில் அடித்த அரிவாள்கள் அவை. ஒருவர் போலோ ஆடப் போனார், ஒருவர் நாட்டை விழுங்கப் போனார், ஒருவர் டாக்காவில் சுட்டார், ஒருவர் சுடமாட்டேன் என்று ராஜினாமா செய்தார். மனிதனின் குணத்துக்கும் பங்கு உண்டு. யாக்கூப் கானே அதற்கு அத்தாட்சி. ஆனால் குணத்தை மட்டும் நம்பி ஒரு தேசம் இருக்க முடியாது.

வித்தியாசம் எங்கே இருந்தது? துருக்கி 1952ல் நேட்டோவில் சேர்ந்தது. பாகிஸ்தான் 1954ல் அமெரிக்காவோடு ராணுவ ஒப்பந்தம் செய்துகொண்டது. 1955ல் இரண்டும் பாக்தாத் ஒப்பந்தத்தில் கூட்டாளிகள். டாலரும் டாங்கியும் நேராக ஜெனரல்களிடம் போயின. பார்லிமெண்ட் இளைத்தது, பட்டாளம் கொழுத்தது. பாகிஸ்தானில் நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளையே அதிகாரி; நிலத்தில் யாரும் கைவைக்க முடியவில்லை. இங்கே? அரைகுறைதான், ஓட்டை நிறைந்ததுதான், ஆனாலும் விவசாயிகள் போராடி 1948ல் சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. குமாரமங்கலம் ஜமீன்தாரின் மகன், ராணுவ உடுப்பில் மாதச் சம்பளக்காரர். வயசு வந்தால் வீட்டுக்குப் போகவேண்டிய சர்க்கார் சிப்பந்தி.

டில்லியில் தீன் மூர்த்தி பவனம் என்று ஒரு மாளிகை. வெள்ளைக்காரன் தன் படைத்தலைவனுக்காகக் கட்டியது. வைஸ்ராய் மாளிகைக்கு அடுத்தபடி பெரிய வீடு. சுதந்திரத்துக்குப் பிறகு அதில் பிரதம மந்திரி குடியேறினார். 1955ல் கமாண்டர்-இன்-சீப் என்ற பதவிப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தரைப்படைக்கு ஒருவர், கடற்படைக்கு ஒருவர், விமானப்படைக்கு ஒருவர் என்று சமமாக வைத்தார்கள். நேருவோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்தக் காரியத்தை அவர் சரியாகச் செய்தார்.

அதற்கும் மேலே, இந்த நாட்டில் பட்டாளம் இறங்கினால் வாய் மூடிக்கொண்டு இருக்காத ஜனங்கள் இருந்தார்கள். 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் பம்பாயில் எழுந்தபோது மில் தொழிலாளி வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்து அவர்களோடு நின்றான், சுடப்பட்டுச் செத்தான். சிப்பாயும் தொழிலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்த நாளை டில்லியில் உட்கார்ந்திருந்த யாரும் மறக்கவில்லை.

நம் நாட்டில் எல்லாம் சுபம் என்று நாம் சொல்லமாட்டோம். குமாரமங்கலத்துக்கு முன்னால் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஜே. என். சௌதுரி. 1948 செப்டம்பரில் நிஜாமின் ஹைதராபாத்துக்குள் படை நடத்திப் போனவர். பிறகு அங்கே ராணுவ கவர்னர் ஆனார். நிஜாம் ஒரு வாரத்தில் பணிந்துவிட்டான். பட்டாளம் திரும்பியதா? தெலுங்கானாவில் தேஷ்முக்கு ஜமீன்தார்களின் நிலத்தைப் பிரித்துக்கொண்ட உழவர்கள்மேல் திரும்பியது. 1951 வரை கிராமம் கிராமமாக வேட்டை. ராணுவ கவர்னர் எப்படி இருப்பார் என்று அந்தக் கிராமத்துக் கிழவிகளுக்குத் தெரியும்.

பட்டாளம் வேண்டியதில்லை, சுடுவதற்கு. லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் பார்த்தால் சேலத்து விளக்குகள் நட்சத்திரம் போலத் தெரிகின்றன. வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். அந்த விளக்குகளுக்கு நடுவே மத்தியச் சிறை இருக்கிறது. 1950 பிப்ரவரி 11ந் தேதி, குடியரசு பிறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது, அங்கே பூட்டிய மதிலுக்குள் 22 கம்யூனிஸ்டுக் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து வந்த ஏழை விவசாயிகள். 1968 டிசம்பர் 25 இரவு, குமாரமங்கலம் தலைமைத் தளபதியாக இருந்த காலம்தான், கீழ்வெண்மணியில் கூடுதல் நெல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதை எந்த ஜெனரலும் செய்யவில்லை, மிராசுதார்கள் செய்தார்கள். 1975ல் இந்திரா காந்தி அவசரநிலை கொண்டுவந்தபோது ஒரு டாங்கிகூடத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் பத்திரிகை வாய் கட்டப்பட்டது, தொழிலாளர் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், மில் தொழிலாளியின் குறைந்தபட்ச போனஸை வெட்ட அவசரச் சட்டம் வந்தது. அன்று கம்யூனிஸ்டு இயக்கத்தில் ஒரு பகுதி அதை ஆதரித்தது. தப்பு. ஒப்புக்கொள்ளுவதில் வெட்கமில்லை; ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் வெட்கம்.

மோகன் குமாரமங்கலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் பின்னால் கட்சியை விட்டுக் காங்கிரசுக்குப் போனார். மத்திய மந்திரியாக நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1973 மே 31ந் தேதி டில்லியில் விமான விபத்தில் இறந்தார். பார்வதி கடைசிவரை செங்கொடியோடு இருந்தார். 2014ல் கோவையில் காலமானார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர், மூன்று பாதை. ஜமீனில் பிறந்தவர்கள் என்பதால் அவர்களுக்குப் பாதையைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை.

டீக்கடையில் தலையாட்டிய அம்மாளிடம் ஒன்று கேட்கிறோம். அம்மா, உங்கள் தோட்டத்தில் பழம் பறிக்கிற சீசனில் எடை போடும்போது மேஸ்திரி தராசைத் தட்டினால், இன்று என்ன செய்கிறீர்கள்? நாலு பேர் கூடுகிறீர்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறீர்கள். ரைட்டர் ஓடி வருகிறார், துரை போன் பேசுகிறார். சங்கக்காரனைக் கூப்பிடுகிறீர்கள். லேபர் ஆபீசுக்கு மனு போகிறது. மெள்ளத்தான் நடக்கும், ஒப்புக்கொள்ளுகிறோம். ராணுவ ஆட்சியில் நாலு பேர் கூடுவதே குற்றம். கூடையைக் கீழே வைப்பது தேசத் துரோகம். துரை போன் பேசவேண்டிய அவசியமே இராது. அயூப் கான் காலத்திலும் யாஹ்யா காலத்திலும் எவ்ரென் காலத்திலும் தராசைத் தட்டுகிறவன் நிம்மதியாகத் தூங்கினான். டீக்கடைத் தோழர் சொன்னாரே 'ஒழுங்கு', அது இந்த ஒழுங்குதான்.

இதில் சிப்பாயைப் பற்றி ஒரு தப்பெண்ணம் வேண்டாம். நாதுலாவில் பனியில் நின்றவன் ஜெனரல் வீட்டுப் பிள்ளை அல்ல. நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ ஓமலூரிலோ கால் ஏக்கரும் கடனும் உள்ள வீட்டுப் பிள்ளை. அவன் உடுப்புப் போட்ட நம் ஆள். அவனுக்குப் பென்ஷன் வேண்டும், அவன் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அவனை நம்மேல் ஏவுகிற நாள் வரக்கூடாது என்றும் கேட்கிறோம்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவராம். கூட்டம் தொடங்குமுன், "நீங்க மிலிட்டரியைத் திட்டினா நான் எழுந்து கேட்பேன்" என்று எச்சரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். (சிரிப்பு) அய்யா, முன்னால் வாருங்கள். தோழர்களே, கொஞ்சம் வழி விடுங்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள்.